வீட்டிலேயே கசப்பு-இனிப்பு காக்டெய்ல்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இருப்பவர்களுக்கு

யுகாதிப் பச்சடி சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு நெக்ரோனி (ஜின், கம்பாரி என்ற சிவப்புக் கசப்பு மது, வெர்மூத் என்ற மூலிகை ஒயின் மூன்றும் சம அளவில் கலந்த காக்டெய்ல்) புரியாமல் போகாது. வேப்பம்பூவின் கசப்பை வெல்லம் தாங்கிப் பிடிக்கிறது, மாங்காய்ப் புளிப்பு நடுவே நுழைகிறது, ஒரு சிட்டிகை உப்பு எல்லாவற்றையும் அடக்கி வைக்கிறது. கசப்பு-இனிப்பு காக்டெய்லிலும் நடப்பது அதுதான். கூடுதலாக இருப்பது மதுவின் வீரியமும் குளிர்ச்சியும்.

புதிதாகக் கலப்பவர்கள் முதலில் தேடுவது செய்முறையை. அதை மனப்பாடம் செய்ய அரை நிமிடம் போதும். காசும் உழைப்பும் வீணாவது வேறு மூன்று இடங்களில்: திறந்து மாதக்கணக்கான வெர்மூத், மாவு வாடை பிடித்த ஐஸ், கண்ணளவில் ஊற்றும் பழக்கம். இந்த மூன்றையும் சரிசெய்தால் நடுத்தர விலை ஜின்னிலேயே நல்ல நெக்ரோனி வரும். சரிசெய்யாவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த பாட்டிலும் காப்பாற்றாது.

1. பாட்டில் வாங்கும் முன் தெரிய வேண்டியவை

தமிழ்நாட்டில் 21 வயது நிறைந்திருக்க வேண்டும். இளமையாகத் தெரிபவர்கள் ஆதார் அல்லது ஓட்டுநர் உரிமத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டாஸ்மாக் கடைகள் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும். திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், மிலாது நபி, காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களில் கடை கிடையாது. நீண்ட வார விடுமுறைக்கு ஆட்களை அழைப்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் சிக்குவார்கள். இரண்டு நாள் முன்பே வாங்கிவிடுங்கள்.

ஓசூர்க்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அத்திப்பள்ளி பத்து நிமிடத் தொலைவு, அங்கே கடைகளில் வகை அதிகம், கை அரிக்கும். ஆனால் அது கர்நாடகத்தில் விற்க வரி கட்டிய சரக்கு. அதை எல்லை தாண்டி எடுத்து வந்து ஜூஜூவாடி சோதனைச் சாவடியில் மாட்டினால் பாட்டிலோடு முடியாது, வழக்கும் வரலாம். எல்லாரும்தான் கொண்டுவருகிறார்கள் என்பது அங்கே பதிலாகாது.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி வாங்குவது நேரான வழி. சர்வதேசப் பயணி ஒருவர் தீர்வையில்லாமல் 2 லிட்டர் வரை மது கொண்டுவரலாம். அதாவது ஒரு லிட்டர் கம்பாரியும் ஒரு லிட்டர் வெர்மூத்தும். ரசீதை பாட்டிலோடு சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டாஸ்மாக்கில் வாங்கியதற்கும் பில் கேளுங்கள், தூக்கிப் போடாதீர்கள். வீட்டில் வைத்திருக்கும் மதுவுக்குச் சட்டத்தில் அளவு வரம்பு உண்டு. நான்கு பாட்டில் இருந்தால் இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாவற்றையும் கலக்கலாம் என்பதால் அதற்குமேல் சேர்க்கத் தேவையும் இல்லை.

விருந்தாளிகளிடம் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து ஊற்றாதீர்கள். அந்த நொடியில் அது விருந்தல்ல, உரிமமில்லாத விற்பனை.

2. எந்த வரிசையில் வாங்குவது

முதல் பாட்டில் ஜின். எல்லா ஊரிலும் ஏதாவது ஒன்று கிடைக்கும். இரண்டாவது கம்பாரி, சிவப்பாக இருக்கும் இத்தாலியக் கசப்பு மது. மூன்றாவது சிவப்பு இனிப்பு வெர்மூத். மூலிகை ஊறிய, வீரியம் கூட்டிய ஒயின். நான்காவதாக ஒரு டார்க் ரம் அல்லது விஸ்கி, ஏற்கெனவே வீட்டில் இருப்பது போதும்.

கம்பாரியும் வெர்மூத்தும் மாவட்டத்தின் சாதாரணக் கடைகளில் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். சேலம், கோவை, சென்னை போன்ற பெருநகரங்களில் உயர்ரகச் சரக்கு விற்கும் டாஸ்மாக் எலைட் கடைகளில் வாய்ப்பு அதிகம். அங்கும் இன்று இருப்பது அடுத்த வாரம் இருக்காது. வேறு வேலையாகப் போகும்போது எட்டிப் பாருங்கள். இதற்காகவே வண்டி எடுத்தால் டீசல் செலவு தனி.

விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். கணக்கு மட்டும் மாறாது: 750 மி.லி. பாட்டிலில் 30 மி.லி. அளவு 25 முறை வரும். பாட்டில் 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு கோப்பைக்குக் கம்பாரிச் செலவு 100 ரூபாய். மூன்று பாட்டிலுக்கும் இப்படி வகுத்துக் கூட்டிப் பாருங்கள். இதில் தூக்கிப்போடும் வெர்மூத்தையும் சேர்த்தால்தான் உண்மைக் கணக்கு வரும். பாட்டிலில் பாதி கெட்டுப்போனால் வெர்மூத்தின் விலை இரட்டிப்பு என்று அர்த்தம்.

கம்பாரி போலவே இன்னொரு இத்தாலியக் கசப்பு மதுவான அபெரோலை முதலிலேயே வாங்க வேண்டாம். அதில் 11 சதவீதம்தான் ஆல்கஹால், இனிப்பு கூடுதல், கசப்பு குறைவு. ஸ்பிரிட்ஸ் (நுரை ஒயினும் சோடாவும் சேர்த்த காக்டெய்ல்) கலக்க நன்றாக இருக்கும். நெக்ரோனியில் கம்பாரிக்குப் பதிலாக ஊற்றினால் சப்பென்று போகும்.

3. வெர்மூத்: திறந்த நாளை எழுதி ஒட்டுங்கள்

வெர்மூத் அடிப்படையில் ஒயின். 15 முதல் 18 சதவீதம் வரைதான் வீரியம். விஸ்கி மாதிரி அலமாரியில் வைத்தால், நம் ஊர் ஏப்ரல் வெயிலில் இரண்டே வாரத்தில் வாடிவிடும். திறந்த அன்றே ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும். மூடியை இறுக்கி, கதவுப் பக்கம் இல்லாமல் உள்தட்டில் வையுங்கள். ஒரு மாதம் நன்றாக இருக்கும், இரண்டு மாதம் தாங்கும்.

பாதி காலியானதும் சிறிய கண்ணாடி பாட்டிலுக்கு வாய்வரை நிரப்பி மாற்றுங்கள். காற்றுப் பட இடமில்லை என்றால் கெடுவதும் மெதுவாகும். கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்பூன் தனியாகச் சுவைத்தால் போதும். மூலிகை மணம் போய், புளித்த திராட்சை வாடையும் தட்டையான இனிப்பும் மிஞ்சியிருந்தால் அது கலக்க ஆகாது. கம்பாரியும் ஜின்னும் இப்படிக் கெடாது. அவை வெளியிலேயே இருக்கலாம், வெயில் படாமல் இருந்தால் சரி.

வெர்மூத்தே கிடைக்கவில்லையா? கடைகளில் போர்ட் ஒயின் என்று விற்கும் இனிப்புச் சிவப்பு ஒயின் 200 மி.லி. எடுங்கள். அதில் விரல் நீளத்துக்கு ஆரஞ்சுத் தோல் ஒன்று, 2 செ.மீ. பட்டை, ஒரு கிராம்பு, தட்டிய ஏலக்காய் ஒன்று போட்டு மூடி ஃப்ரிட்ஜில் 12 மணி நேரம் வைத்து வடிகட்டுங்கள். இது வெர்மூத் அல்ல. ஆனாலும் வேலைக்கு ஆகும். கிராம்பு இரண்டானால் பல்வலி மருந்து மாதிரி இருக்கும், ஒன்றோடு நிறுத்துங்கள். ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

4. ஐஸ்

இதற்கு யாரும் மெனக்கெடுவதில்லை. கோப்பையில் நான்கில் ஒரு பங்கு உருகிய ஐஸ்தான் என்றால் அந்தத் தண்ணீரின் சுவை எப்படி முக்கியமில்லாமல் போகும்?

தருமபுரிப் பக்கம் போர் தண்ணீர் உப்பும் ஃபுளோரைடும் கலந்தது. அதில் உறைந்த ஐஸ் வெளுத்து, கசப்பில் ஒரு சுண்ணாம்பு ருசியைக் கொண்டுவரும். ஆர்.ஓ. தண்ணீர் அல்லது கேன் தண்ணீர் எடுங்கள். அடுத்தது வாடை. இட்லி மாவு, வெங்காயம், கருவாடு இருக்கும் ஃப்ரிட்ஜில் திறந்த தட்டில் ஐஸ் வைத்தால் எல்லா வாசமும் அதில் ஏறும். மூடியுள்ள டப்பாவில் உறையவையுங்கள், மூன்று நாளுக்கு மேல் பழைய ஐஸைக் கொட்டிவிடுங்கள்.

சின்னத் தட்டில் வரும் அரைநிலாத் துண்டுகள் சீக்கிரம் உருகும். பெரிய கட்டி வேண்டுமென்றால் சப்பாத்தி வைக்கும் சிறிய ஹாட்பாக்ஸில் முக்கால்வாசித் தண்ணீர் ஊற்றி, மூடாமல், சுத்தம் செய்த ஃப்ரீசரில் 18 மணி நேரம் வையுங்கள். பக்கவாட்டில் குளிர் புகாததால் மேலிருந்து கீழாக உறையும், மேல்பகுதி கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். அடியில் உறையாமல் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கட்டியை ரம்பக் கத்தியால் கீறி, கத்தியின் முதுகில் பூரிக்கட்டையால் தட்டினால் நேராக உடையும். மின்வெட்டு உள்ள நாளில் இதை ஆரம்பிக்காதீர்கள், பாதியில் நின்றால் அடுக்கடுக்காக வெளுத்துப் போகும்.

5. கருவிகள், அளவு

ஷேக்கர், பார் ஸ்பூன் என்று தனியாக வாங்க வேண்டியதில்லை. காய்ச்சல் சிரப்போடு வரும் பிளாஸ்டிக் மூடியில் 5, 10, 15 மி.லி. கோடு இருக்கும், வீட்டுக்கு இந்த அளவி போதும். நன்றாகக் கழுவி அதற்கென்றே ஒதுக்கி வையுங்கள். கலக்க ஓர் உயரமான எவர்சில்வர் டம்ளர், நீளக் காம்புள்ள ஸ்பூன், டீ வடிகட்டி. குலுக்க ஜிம்முக்குப் போகிறவர்களின் புரோட்டீன் ஷேக்கர் போதும், ஆனால் புரோட்டீன் பொடி வாடை இல்லாத புதியது. கண்ணாடி ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஐஸ் போட்டுக் குலுக்காதீர்கள், அடி பிளந்துவிடும்.

சமையலில் கைப்பிடி அளவு ஓடும், இங்கே ஓடாது. கம்பாரி 5 மி.லி. கூடினாலே நெக்ரோனி இருமல் டானிக் ஆகிவிடும்.

எதைக் கிளறுவது, எதைக் குலுக்குவது என்பதற்கு ஒரே விதி. பழச்சாறு இருந்தால் குலுக்குங்கள், இல்லாவிட்டால் கிளறுங்கள். சோடாவை ஒருபோதும் ஷேக்கரில் ஊற்றாதீர்கள். மூடி தெறித்துக் கூரையைத் தொடும், சிவப்புக் கறை வெள்ளைச் சுவரை விட்டுப் போகாது.

6. முதல் நாள் அமெரிக்கானோ

காபி அல்ல, ஜின் இல்லாமல் சோடா சேர்த்துக் கலக்கும் காக்டெய்லின் பெயரும் அமெரிக்கானோதான். நேராக நெக்ரோனிக்குப் போகாதீர்கள். கசப்புக்குப் பழகாதவர் முதல் வாயிலேயே முகம் சுளித்துக் கோப்பையைத் தள்ளிவிடுவார்.

உயரமான டம்ளரில் ஐஸ் நிரப்பி கம்பாரி 30 மி.லி., வெர்மூத் 30 மி.லி. ஊற்றி ஒருமுறை கிளறுங்கள். குளிர்ந்த சோடா 75 மி.லி. டம்ளரின் ஓரமாக இறக்கி, ஸ்பூனை ஒரே ஒருமுறை கீழிருந்து மேலே தூக்குங்கள். ஆரஞ்சு வட்டம் ஒன்று. சோடா ஃப்ரிட்ஜிலிருந்து வந்திருக்க வேண்டும். அறை வெப்பத்தில் இருந்த சோடாவை ஐஸ்மேல் ஊற்றினால் நுரை எல்லாம் அப்போதே போய்விடும். இதில் உள்ள ஆல்கஹால் ஏறக்குறைய ஒரு 30 மி.லி. பெக் அளவுதான்.

7. நெக்ரோனி

ஜின் 30, கம்பாரி 30, வெர்மூத் 30. எவர்சில்வர் டம்ளரில் முக்கால்வாசி ஐஸ் போட்டு மூன்றையும் ஊற்றி 30 நொடி கிளறுங்கள். டம்ளரின் வெளிப்புறம் முழுக்கப் பனித்திருக்க வேண்டும். வேறு டம்ளரில் பெரிய ஐஸ்கட்டி வைத்து அதன்மேல் வடிகட்டுங்கள்.

இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. குளிர் குறைந்தால் நாக்குக்கு இனிப்பு கூடித் தெரியும். அதனால் அரைகுறையாகக் கிளறிய நெக்ரோனி பாகு மாதிரி இருக்கும், ‘கம்பாரி சரியில்லை’ என்று பாட்டில்மேல் பழி விழும். ஒரு நிமிடத்துக்கு மேல் கிளறினால் வெறும் சிவப்புத் தண்ணீர். ஜின்னை ஃப்ரீசரில் வைத்திருந்தால் ஐஸ் குறைவாக உருகும், அப்போது 10 மி.லி. குளிர்ந்த தண்ணீரை நீங்களே சேர்க்க வேண்டும்.

தோல் பிழிவதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். மணத்தில் பாதி அதுதான். தோலைக் காய்கறி சீவியால் இரண்டு விரல் நீளத்துக்கு வெள்ளைச் சதை ஒட்டாமல் சீவி, நிறப்பக்கம் கோப்பையைப் பார்க்கும்படி பிடித்து மடக்குங்கள். எண்ணெய் தெறிப்பது வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியும். இறக்குமதி ஆரஞ்சில் மெழுகு பூசியிருப்பார்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். சாத்துக்குடித் தோலில் மணம் குறைவு. சந்தையில் நாரத்தங்காய் கிடைக்கும் நாட்களில் அதன் தோல் ஒரு சிறு துண்டு, கட்டைவிரல் நக அளவு மட்டும், பிழிந்து பாருங்கள். ஆரஞ்சைவிட இது கம்பாரிக்குப் பொருந்துகிறது என்பது இந்தக் கட்டுரையின் தரப்பு.

எச்சரிக்கை: 42.8 சதவீத ஜின்னில் கலந்த ஒரு நெக்ரோனி இரண்டு 30 மி.லி. பெக்குக்குச் சமம். இனிப்பால் அது தெரியாது. ரத்தத்தில் 100 மி.லி.க்கு 30 மி.கி. தாண்டினால் வண்டி ஓட்டுவது குற்றம், முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். தொப்பூர்க் கணவாய் வழியாகத் திரும்ப வேண்டியவருக்கு ஊற்றாதீர்கள். படுக்கப் பாய் போட்டுக் கொடுங்கள், அல்லது படி 9-இல் உள்ளதைக் கொடுங்கள்.

8. அடுத்த கட்டம்

பூலவார்டியே: ஜின்னை எடுத்துவிட்டு விஸ்கி 45, கம்பாரி 30, வெர்மூத் 30. கிளறும் முறை அதேதான். முறைப்படி அமெரிக்க பர்பன் அல்லது ரை விஸ்கி. நம்மூர் மலிவு விஸ்கி பலவற்றில் அடிப்படையே கரும்புக் கழிவுப்பாகு என்பதால் கம்பாரியோடு சேர்ந்து கருகிய வாடை வரும். மால்ட் என்று எழுதியது இருந்தால் செய்யுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். இரண்டரைப் பெக் வீரியம், ஒன்றோடு நிறுத்த வேண்டியது.

ஜங்கிள் பேர்ட் நம் கடைச் சரக்குக்கே செய்தது போன்றது. டார்க் ரம் 45, கம்பாரி 20, அன்னாசிச் சாறு 45, எலுமிச்சைச் சாறு 15, சர்க்கரைப் பாகு 10. ஐஸோடு 12 நொடி வேகமாகக் குலுக்கி வடிகட்டுங்கள். அன்னாசியை வீட்டிலேயே மிக்ஸியில் அடித்துத் துணியில் பிழியுங்கள். பாக்கெட் சாறு என்றால் பாகை 5-ஆகக் குறையுங்கள், அதில் ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறது. பாகு என்பது 200 கிராம் சர்க்கரையை 200 மி.லி. சுடுதண்ணீரில் கரைத்தது, ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் நிற்கும். நாட்டுச்சர்க்கரையில் செய்தால் ரம்முக்கு இன்னும் பொருத்தம். மண் இருக்கும், துணியில் வடிகட்டுங்கள்.

கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு மாம்பழத்தை விட முடியாது. மே முதல் ஜூலை வரை கம்பாரி 30, பெங்களூரா (கிளிமூக்கு) மாம்பழச் சாறு 45, எலுமிச்சை 10, உப்பு ஒரு சிட்டிகை, குலுக்கி வடிகட்டி மேலே சோடா 60. அல்போன்சா, பங்கனப்பள்ளி வேண்டாம், அவற்றின் இனிப்பு கம்பாரியை மூழ்கடிக்கும். கிளிமூக்கின் புளிப்புதான் இங்கே வேலை செய்கிறது. டின்னில் வரும் மாம்பழக்கூழ் என்றால் சம அளவு தண்ணீர் விட்டுக் கரைத்து அளந்துகொள்ளுங்கள், அப்படியே ஊற்றினால் கஞ்சியாகும்.

வெளிநாட்டுச் செய்முறைகளில் வரும் மஞ்சள் லெமனைவிட நம் எலுமிச்சை புளிப்பு கூடியது. அவர்கள் 20 என்றால் நீங்கள் 15-இல் தொடங்குங்கள். காலையில் பிழிந்த சாறு மாலைக்கே கசந்துவிடும், அது வேண்டாத கசப்பு.

9. மதுவே இல்லாமல்: கசப்புப் பாகு

கம்பாரி கிடைக்காதவர்களுக்கும், குடிக்காதவர்களுக்கும், வண்டி ஓட்டுபவர்களுக்கும் இது.

நாட்டு மருந்துக்கடையில் காய்ந்த நிலவேம்பு தனியாகக் கேளுங்கள். ‘நிலவேம்புக் குடிநீர்ப் பொடி’ என்று கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் சுக்கு, மிளகு, வெட்டிவேர் என ஒன்பது சரக்கு இருக்கும், பாகு கஷாயமாகிவிடும்.

300 மி.லி. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, நிலவேம்பு கால் டீஸ்பூன் போட்டு மூன்றே நிமிடத்தில் வடிகட்டுங்கள். ஐந்து நிமிடம் விட்டால் திருத்த முடியாது, எவ்வளவு சர்க்கரை கொட்டினாலும் தொண்டையில் நிற்கும். அந்தத் தண்ணீரில் சர்க்கரை 250 கிராம், இரண்டு ஆரஞ்சின் சீவிய தோல், நாரத்தங்காய்த் தோல் ஒரு துண்டு, பட்டை 2 செ.மீ., நிறத்துக்கு பீட்ரூட் மெல்லிய வில்லை ஒன்று சேர்த்துச் சிறு தீயில் ஐந்து நிமிடம். மூடி அரை மணி நேரம் வைத்து வடிகட்டி, கழுவி உலர்த்திய பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். பத்து நாள்.

குடிக்க: பாகு 30, எலுமிச்சை 10, உப்பு ஒரு சிட்டிகை, சோடா 120. ஜின்னோடு வேண்டுமென்றால் ஜின் 45, பாகு 15, படி 3-இல் சொன்ன போர்ட் ஒயின் 30, எலுமிச்சை 5.

கர்ப்பிணிகளுக்கு நிலவேம்பு கொடுக்காதீர்கள். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் குடிக்கட்டும். சின்கோனா பட்டை வாங்கி வீட்டில் டானிக் தயாரிக்கும் காணொளிகளைப் பார்த்து இறங்காதீர்கள். குயினைன் அளவு கைக்கு அடங்காது, காது இரையும், தலை சுற்றும்.

10. ஆறு பேருக்கு முன்கூட்டியே

ஆட்கள் வந்தபின் ஒவ்வொன்றாகக் கிளறிக்கொண்டிருந்தால் பேச்சுக்கு நேரம் இருக்காது. ஜின், கம்பாரி, வெர்மூத் ஒவ்வொன்றும் 180 மி.லி., ஆர்.ஓ. தண்ணீர் 150 மி.லி. மொத்தம் 690 மி.லி., கழுவிய 750 மி.லி. பாட்டிலில் அடங்கும். தண்ணீரை விட்டுவிடுபவர்கள் அதிகம். உருகும் ஐஸுக்குப் பதில்தான் அது. ஃப்ரிட்ஜில் மூன்று மணி நேரம். ஃப்ரீசரில் வைத்தால் கூழாகும். ஊற்றும்போது ஆளுக்கு 115 மி.லி., தோலை அப்போதே பிழியுங்கள்.

சனிக்கிழமை மாலைக்கு என்றால் வெள்ளிக்கிழமை இரவே ஹாட்பாக்ஸ் ஐஸ் ஏறிவிட வேண்டும். பாகும் அன்றே. சனி மதியம் பாட்டிலில் கலந்து உள்ளே வையுங்கள், ஐந்து மணிக்கு மேல் எலுமிச்சை. கூடவே வறுத்த வேர்க்கடலை, காரப்பொரி போன்ற உப்புத் தீனி வையுங்கள். உப்பு கசப்பை அடக்கும்; புதிதாகக் குடிப்பவரின் இரண்டாவது வாய் முதல் வாயைவிடச் சுலபமாக இறங்குவதற்குப் பாதிக் காரணம் அந்தக் கடலைதான்.

ருசி சரியில்லையென்றால்

தாங்க முடியாத கசப்பு என்றால் சர்க்கரை சேர்க்காதீர்கள். முதலில் இரண்டு துளி உப்புத் தண்ணீர், அதற்கும் அடங்காவிட்டால் வெர்மூத் 10 மி.லி. திகட்டுகிறது என்றால் குளிர் போதவில்லை, அல்லது போர்ட் ஒயின் அதிகம். ஜின் 10 மி.லி. கூட்டலாம். மணமே இல்லாமல் தட்டையாக இருந்தால் வெர்மூத் பாட்டிலில் ஒட்டிய தேதியைப் பாருங்கள். காசைக் கடித்த மாதிரி உலோக ருசி வந்தால் தண்ணீரும் ஐஸும்தான் காரணம். எல்லாம் சரியாக இருந்தும் தண்ணியாக இருந்தால் ஐஸ் ஈரமாக இருந்திருக்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்து வெளியே பத்து நிமிடம் வைத்திருந்த ஐஸில் வழியும் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் டம்ளரில் போட வேண்டும்.

காலி பாட்டிலைத் தெருவில் எறியாதீர்கள். திரும்பப் பெறும் திட்டம் நடக்கும் டாஸ்மாக் கடைகளில் வாங்கும்போதே பாட்டிலுக்கு 10 ரூபாய் சேர்த்து வாங்கியிருப்பார்கள். ஒட்டிய ஸ்டிக்கர் கிழியாமல் கொடுத்தால் அது திரும்ப வரும்.